நூல் வீடு

என் மனுசன் அசனாருக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். சண்டையில் பாதை பூட்டிக் கிடந்த தொண்ணூறாம் ஆண்டு, கெலிகொப்டர் தலைக்கு மேலே சுற்றினால் காத்தான்குடியில் எல்லோரும் கட்டிலுக்குக் கீழே ஒளிவார்கள். இவர் மட்டும் தறியை விட்டு எழும்பமாட்டார்.

"ஒரு முழம் மிச்சம் இரிக்கி" என்றார் அன்றைக்கு.

"அந்த முழம் உங்கட மையத்தச் சுத்துற கபனுக்கும் காணாது" என்று குசினிக்குள் இருந்து கத்தினேன்.

கெலி போன பிறகு பார்த்தால் மகள் நபீஸாவைக் காணவில்லை. அவளுக்கு ஐந்து வயது. கடைத்தெருவில் வெடி விழுந்த நாளிலிருந்து கெலிச் சத்தம் கேட்டாலே தன் கையைத் தானே கடிப்பாள், இருந்த இடத்திலேயே மூத்திரம் போவாள், பொழுதுபடும் வரைக்கும் நடுங்குவாள். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், கழுத்தில் இசிம் எழுதிய தாயத்துக் கட்டினோம். ஒன்றும் பலிக்கவில்லை. அப்படிப்பட்டவள் தறிக்குக் கீழே, இழுத்துக் கட்டிய பாவு நூலின் அடியில், சுருண்டு படுத்து நித்திரை. மேலே நீலமும் பச்சையுமாக நூல்கள். அவர் நூலை நெருக்கும் பலகையை அடிக்க அடிக்க அவளுடைய மூச்சு சீராக வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே அந்த இடத்தைக் கூட்டித் துடைத்துப் பாய் போட்டேன். என்னுடைய பழைய சாரி இரண்டை இரு பக்கமும் கட்டிவிட்டேன். தலையணை, புளியங்கொட்டை போட்ட டின், சின்னவனுக்கு ஒரு மரக்கரண்டி. சின்னவனுக்கு இரண்டு வயது. அக்கா எங்கேயோ அவனும் அங்கே. நபீஸா அதற்கு 'நூல் வீடு' என்று பெயர் வைத்தாள். கெலி வந்தால் இரண்டும் உள்ளே போகும், வாப்பா தறியில் ஏறுவார். இரண்டு கிழமையாக அவள் கையைக் கடிக்கவில்லை.

எங்களுக்குப் பிந்தித்தான் புத்தி வந்தது. அவளை ஆற்றுகிற ஒவ்வொரு அடிக்கும் பாவு புடைவையாகிக் கொண்டிருந்தது. நூல் கொழும்பிலிருந்து லொறியில் வரவேண்டும். லொறிதான் வருவதில்லையே. முந்திய பாவு நெய்து முடிந்து, இருந்தது இடுப்பில் உடுக்கிற ஒரே ஒரு சாரனுக்கான பாவு. நெய்து முடிந்தால் நூல் வீட்டுக்குக் கூரையும் இல்லை, சத்தமும் இல்லை.

ஒருநாள் விடிய எழும்பிப் பார்க்கிறேன், முதல்நாள் இரண்டு முழம் நின்ற புடைவை ஒரு சாணில் நிற்கிறது. நெய்ததைப் பிரித்து, நூலைத் திரும்பச் சுற்றி வைத்திருக்கிறார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இந்த மனுசன் தானாகவே சறுக்கிக் கொண்டிருந்தார்.

"என்ன வேல பாக்கிறீங்க நீங்க?"

"புள்ளைக்குத் தறி ஓடணும் ஸகியா."

"தறி ஓடும். அடுப்பு எரியணுமே!"

அவர் நாடாக் கட்டைக்குள் நூலைச் செருகினார். எதிர்வீட்டுச் சீனி லாத்தா, சாரன் தந்தால் ஐந்து கொத்து அரிசி தருவதாகச் சொல்லியிருந்தா. அது அவருக்கும் தெரியும். பகல் நெய்வார், விடியுமுன் பிரிப்பார். இழைகள் அறுந்து முடிச்சு முடிச்சாகப் போயின. நாங்கள் கஞ்சி குடித்தோம், பிறகு கஞ்சித் தண்ணீர் குடித்தோம். சின்னவன் கத்தி அழுதவரைக்கும் எனக்கு நெஞ்சில் பயமில்லை. அவன் அழுகையை விட்டுவிட்டு வெறுமனே என்னைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் பயந்தேன்.

அன்று காலையில் கெலி இரண்டு தரம் வந்தது. அவர் விடாமல் நெய்ததில் பாவு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. மத்தியானம், நூல் ஏதும் வந்திருக்குமோ என்று கேட்கக் கச்சி முகம்மது காக்காவின் கடைக்குப் போனார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

நபீஸா உள்ளே இருந்தபடி மேலே பார்த்தாள்.

"தம்பிக்குச் சோறு மகள்" என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டினாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் கை நின்றிருக்கும். வெட்ட வெட்ட நூல்கள் அவள் முகத்தில் விழுந்தன.

அவர் வெறுங்கையோடு வந்து தறியைப் பார்த்தார். ஏச்சு வாங்க ஆயத்தமாக நின்றேன். அவர் ஏசவில்லை, வாசற்படியில் குந்திக்கொண்டார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சாரனுக்குச் சீனி லாத்தா தந்த அரிசி கொதிக்கும் நேரம் கெலி வந்தது. நபீஸா ஓடிப்போய் வெறும் தறிக்குக் கீழே புகுந்தாள். அவர் பாய்ந்து ஏறி, மிதியை மிதித்து, நூலில்லாத நாடாவை அங்கும் இங்கும் எறிந்து, பலகையை இழுத்து அடித்தார். நடுவில் புடைவை இல்லாததால் மரம் மரத்தில் மோதி வெடி மாதிரிக் கேட்டது. நான் அகப்பையோடு ஓடிவந்தேன்.

"கண்ண மூடுங்க மகள், வாப்பா நெய்யிறன்" என்றார்.

அவள் மேலே பார்த்தாள். சட்டங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரை தெரிந்தது. பிறகு வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கை வாய்க்குள் போயிருந்தது. பாயில் ஈரம் பரவுவதை நான் கண்டேன். அவருக்குத் தெரியவில்லை.

"மகள், நித்திரையா?" என்று அடித்துக்கொண்டே கேட்டார்.

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓம் வாப்பா, நான் நித்திர."