கல்லில் அவன் இருந்த இடம்

அவன் நிலத்தில் கிடந்தான். காலை ஆறு மணிக்கு வாளியோடு நான் உள்ளே போனபோது, முதல்நாள் யாரோ சரியாகப் பூட்டாத அவன் கூட்டின் கண்ணாடிக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. பாலைவனப் பள்ளத்தாக்குகளில், ஓடைக்கரைப் பாறைகளில் வாழ்கிற மரத்தவளை என்று அவனுடைய பெயர்ப்பலகை சொல்கிறது. ஓர்லிகோன் ரயில் நிலையத்தில் இருந்து இரண்டு தரிப்பிடம் தள்ளியிருக்கிற இந்த விலங்குக் கூடத்தில் நான்கு வருடமாகக் கண்ணாடியும் நிலமும் துடைக்கிறேன். தவளை என்றால் முகம் சுளிக்கிற ஆள்தான் நான். ஆனால் பகல் முழுக்க விளக்குச் சூட்டில், ஒரே கல்லில், கல்லின் நிறத்திலேயே கைகாலை மடக்கிக்கொண்டு இருக்கிற ஒன்றை எத்தனை நாளைக்கு வெறுக்க முடியும்? பார்க்க வருகிறவர்கள் வெறும் கூடு என்று நினைத்துப் போய்விடுவார்கள். எனக்கு ஒரே பார்வையில் தெரியும். சில காலைகளில் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துவான். பதில் சொல்லப் பெட்டை இல்லை. அது போன குளிருக்குப் பூஞ்சணம் பிடித்துச் செத்துவிட்டது.

விலங்குகளைத் தொடக்கூடாது, சுவரில் உள்ள நம்பருக்குப் போன் அடிக்க வேண்டும். அதுதான் சட்டம். தோல் காய்ந்து கிடக்கிறவனைப் பார்த்துக்கொண்டு யாருக்கு அடிப்பது? இரண்டு கையாலும் அள்ளி அவனுடைய கல்லில் வைத்தேன். கையுறை போட்டிருக்கவில்லை. விரல் மூட்டெல்லாம் வீக்கமும் வலியும், ஏறாது. முதல் ரயிலுக்கு வெளிக்கிடும்போது, தங்கச்சி ஊரில் இருந்து அனுப்புகிற நோ எண்ணெயைப் பூசிக்கொண்டுதான் வருவேன்.

மறுநாள் செத்துக் கிடந்தான். நீட்டிய கால்களின் உட்புறம் நல்ல மஞ்சள். மடக்கியே இருந்தவனிடம் அப்படியொரு நிறம் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

விலங்குகளைப் பராமரிக்கிற மதுஜா பக்கத்தில் குந்தியிருந்தாள். இந்த நாட்டிலேயே, எம்மன்புரூக்கேயில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவளும் அவள்தான். இவனுக்கும் அந்தப் பெட்டைக்கும் பிறந்த இருபத்துமூன்று குஞ்சுகளைப் பின்னறையில் வைத்து வளர்க்கிறாள்.

"அன்ரி, நேற்று இவரைத் தொட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. ஏன்?"

"தவளை தோலாலதான் தண்ணி குடிக்கிறது. என்ன பட்டாலும் உள்ளுக்குப் போயிடும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாமல் அந்தக் குடிவரவுக் கந்தோர்ப் படி ஏற முடியாது.

"அப்ப திரும்பவும் பூஞ்சணம்தான்" என்றாள். "சின்னதுகளுக்கும் இதே தண்ணிதான் போகுது. இனி வைச்சிருக்க விடமாட்டினம்."

"சோதிச்சுப் பாக்க மாட்டினமோ?"

"முடிவு வர ரெண்டு கிழமை. அதுக்குள்ள மற்ற அறைகளுக்குப் பரவிடும் எண்டு கூடத்துப் பெரியவர் பயப்பிடுறார். இன்னும் ரெண்டு நாளில மிருக டொக்டர் வந்து ஊசி போட்டு முடிச்சிடுவார்."

ஒரு வார்த்தை சொன்னால் இருபத்துமூன்றும் பிழைக்கும். அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு தின்றேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

டொக்டர் வரவிருந்த அன்று, உடுப்பு மாற்றுகிற அறையிலேயே அவளை மறித்துச் சொன்னேன்.

"நான் தொட்டனான் பிள்ளை. கையில நோ எண்ணெய் இருந்தது. பூஞ்சணம் இல்லை."

என் கையை எடுத்து மணந்து பார்த்தாள். பிறகு மெல்ல விட்டாள்.

"நேற்றுப் பின்னேரமே முடிஞ்சுது அன்ரி. டொக்டர் ஒரு நாள் முந்தி வந்திட்டார். நான்தான் ஒவ்வொண்டாப் பிடிச்சுக் குடுத்தன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"கூட்டுக்கு உள்ளயும் துடைச்சு விடுங்கோ. கையுறையைப் போடுங்கோ."

வீங்கிய விரல்களில் கையுறையை இழுத்து ஏற்றினேன். கண்ணாடி, தரை, தண்ணீர்க் குழி எல்லாம் துடைத்தேன். கல்லுக்கு வந்தேன். நான்கு வருடம் அவன் இருந்த இடம் ஒரு முட்டை அளவுக்கு வெளிறிக் கிடந்தது. அதைச் சுற்றித் துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்து கையில் பிடித்தபடி நின்றேன்.