ஒண்டிக்கட்டையின் கூச்சல்

என் அக்கா அணில்களின் குடும்பப் பாசத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள். மனிதர்களின் குடும்பப் பாசத்தை எடுத்திருந்தால் ஒரே மாதத்தில் முடிந்திருக்கும், அதில் அவ்வளவு சரக்குதான் இருக்கிறது.

அவளிடம் நான் சம்பளத்துக்குப் பருந்து ஓட்டுகிறேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு கம்பி, அதில் ஒரு கண் போன, பஞ்சு அடைத்த பருந்து. கயிற்றை இழுத்தால் மைதானத்தின் மேல் சர்ரென்று போகும். கீழே வளை தோண்டி வாழும் அணில்கள். முதுகில் தலைச்சாயத்தால் எண் போட்டிருக்கும். எது கத்தி மற்றவற்றை எச்சரிக்கிறது என்று அக்கா மறைவில் உட்கார்ந்து பார்ப்பாள்.

கத்துகிற அணிலைத்தான் பருந்து முதலில் பார்க்கும். தெரிந்தும் ஏன் கத்துகிறது? பக்கத்தில் பிள்ளையோ உடன்பிறப்போ இருப்பதால் என்பது அக்காவின் பதில். உடன்பிறந்தவளிடம் தன் ரத்தத்தில் பாதி, பெரியம்மா மகளிடம் எட்டில் ஒரு பங்கு. தான் செத்தாலும் பங்கு பிழைக்கும். சொந்தம் இல்லாத அணில் வாயை மூடிக்கொண்டு ஓடிவிடும். எங்கள் பெரியப்பாக்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அணில்கள் மேல் மரியாதையே வந்துவிட்டது.

கெடுத்தது ஒண்டிக்கட்டை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கிழட்டுப் பெண் அணில். பிள்ளை குட்டி கிடையாது, ரத்தப் பரிசோதனையிலும் அங்கே எதற்கும் சொந்தமில்லை. ஆனால் பருந்து கிளம்பியதும் தொண்டை கிழியக் கத்துவது அதுதான். கடைசியாக ஓடுவதும் அதுதான்.

"இது ஒண்ணு போதும்டா, என் தீசிஸ் காலி," என்றாள் அக்கா. அன்றுதான் அவளுடைய கைடு நேரில் பார்த்து முடிவு சொல்ல வருவதாக இருந்தது.

வந்தார். இழுத்தேன். சனியன் கத்தியது.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

அக்கா வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "தப்பு என்னோடது சார். அது கத்தினா கடலை போடுவேன். பழகிடுச்சு."

பழக்கிய விலங்கு ஆராய்ச்சியில் சேராது. ஒண்டிக்கட்டையைத் தூக்கிவிட்டால் அக்காவுக்குப் பட்டம்.

"நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றார் கைடு.

"பொய் சொல்றான் சார்," என்றாள் அக்கா. "என் தட்டுல இருக்கிற கடலையவே திருடித் தின்றவன். இவனாவது, அணிலுக்குப் போடுறதாவது!"

"அப்புறம் எதுக்கும்மா வேலைய விட்டுட்டு இப்படிச் சொல்றான்?"

"என் தம்பி சார்."

கைடு மீசைக்குள் சிரித்தார். "உங்க ரெண்டு பேர் கணக்கு சரியா வருது. அந்த அணிலோட கணக்குதான் உதைக்குது. அது ஏன் கத்துதுன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க, ரெண்டு பேரும்."

அப்படியென்றால் இன்னும் ஒரு வருடம். அவர் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லூசாக்கா நீ? சும்மா நின்னிருந்தா பட்டம் வந்திருக்கும். இன்னும் இந்த வெயில்லயே காயணுமா?"

கழன்று விழுந்த பருந்தின் வாலைப் பொறுக்கிக்கொண்டே அக்கா சொன்னாள்: "வேலை போயிடும்னு தெரிஞ்சே நீ கத்துவ. நான் மட்டும் வளைக்குள்ள ஓடணுமாடா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவள் பார்க்காமலிருக்கத் திரும்பிக் கயிற்றை இழுத்தேன். வால் இல்லாத பருந்துக்கும் ஒண்டிக்கட்டை கத்தியது.