குழாய்ச் சிறையில் மாப்பிள்ளை

எல்லையம்மன் குப்பத்தில் நாடகம் முடிந்து விளக்கெல்லாம் போட்ட பிறகும் எழிலால் சிறையை விட்டு வெளியே வர முடியவில்லை. சிறை என்றால் கேளம்பாக்கத்தில் வாங்கிய பிளாஸ்டிக் குழாய்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து நிறுத்திய கூண்டு. ஓர் ஆடு இடித்தாலே சாய்ந்துவிடும். அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து இழுத்தும் கதவு அசையவில்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள், பல் போனதுதான் மிச்சம். எழிலுக்கு வரும் வெள்ளிக்கிழமை திருப்போரூர் முருகன் கோவிலில் கல்யாணம்.

தவறு ஊர்க்காரர்களுடையது. படூர் கல்லூரியில் படிக்கும் திவ்யா எழுதிய அந்தப் பாட்டு நாடகத்தை அவர்கள் கூத்து என்றே எடுத்துக்கொண்டார்கள். கூத்து என்றால் காப்புக் கட்டுவது வழக்கம் என்று, நாயகனாக நடித்த எழிலின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டியும் விட்டார்கள். காப்புக் கட்டினால் கதை முடிந்த பிறகுதான் அவிழ்க்கலாம். இந்தக் கதையோ முடியவே முடியாது. கடற்கரையில் எழும்பிய மதில்சுவரை ஏன் என்று கேட்ட மீனவன் மீது படகு எஞ்சினைத் திருடியதாக வழக்குப் போட்டு உள்ளே தள்ளுகிறார்கள். அவன் உள்ளே இருக்கும்போதே திரை விழுகிறது. பார்க்கிறவர்கள் கோபத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது திவ்யாவின் எண்ணம். கோபத்துக்குக் குறைவில்லை. ஏழு வருடம் என்று தீர்ப்புச் சொன்ன நீதிபதி மீது பெண்கள் மண்ணை வாரி இறைத்தார்கள். நீதிபதியாக நடித்த ஷேர் ஆட்டோ ஓட்டுநர் கண்ணாயிரம் அதை விருதாக எடுத்துக்கொண்டு சட்டையை உதறாமலே தூங்கப் போனார்.

மறுநாள் காலையில் ஆளாளுக்கு நாஸ்தா கொண்டுவந்து கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்கள். மீன் இறக்கிவிட்டு வருகிறவர்கள் நின்று, கேசு எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார்கள். கதையை முடித்துவிட்டால் போச்சு என்று கண்ணாயிரத்தைத் திரும்பவும் கறுப்பு அங்கி மாட்டி உட்காரவைத்தார்கள். விடுதலை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார், ஏழு வருடம் என்றே வந்தது. எலுமிச்சம்பழம் கடித்துச் சொன்னபோதும் அதேதான் வந்தது. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாடகம் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவன் குற்றமற்றவன் என்று ஒரே குரலில் சொன்னால் கதை முடிந்ததாக ஆகும் என்று முடிவாயிற்று. எல்லோரும் சொன்னார்கள், தேசப்பன் ஒருவரைத் தவிர. அவர்தான் கல்யாணப் பெண் தேவிப்பிரியாவின் அப்பா.

"மாப்ள தங்கமான புள்ள, நான் இல்லேங்கல. ஆனா நாடகத்துல கீறான் பாரு, அவன் திருடன்தான். போலீசு சும்மாவா இட்டுகினு போவான்?" என்றார். மகள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவருக்கும் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் மனசில் இல்லாததைச் சொல்ல மாட்டேன் என்று பிடித்த பிடியை விடவில்லை.

முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் வெள்ளிக்கிழமை சிறையை அப்படியே குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். பட்டு வேட்டியும் மாலையுமாக எழில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெம்மேலி தாண்டித் திருப்போரூர் போகும் வழியெல்லாம் பேருந்துகளிலிருந்து கையசைத்தார்கள். கோவில் வாசலில் பூ விற்கும் பெண் கூடையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாண்ணா, புள்ளய ஜெயிலோட ஏத்திகினு வந்துகீறீங்க? இன்னா பண்ணாரு?"

கேட்டது தேசப்பனைப் பார்த்து. மற்ற கல்யாணக் கூட்டங்களும் திரும்பிப் பார்த்தன. தேசப்பன் கூண்டை நிமிர்ந்து பார்த்தார். அன்று மேடையில் தூரத்தில் தெரிந்தது யாரோ ஒரு திருடன். இப்போது கம்பிக்குப் பின்னால், நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைய நின்றுகொண்டிருந்தது தன் வீட்டுப் பிள்ளை.

"ஒண்ணும் பண்ல. எங்க எடத்துல ஏன் சொவுரு கட்றேன்னு கேட்டான், அவ்ளோதான். அது பொய்க் கேசும்மா."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு தானாகத் திறந்துகொண்டது. தேசப்பனே ஏறி மாப்பிள்ளையின் காப்பை அவிழ்த்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்ததால் எல்லோரும் மோர் குடித்தார்கள்.

அதன் பிறகு நாடகம் ஊர் ஊராகப் போயிற்று. திவ்யா அதன் முடிவை மாற்றவில்லை, ஊர்களும் காப்புக் கட்டுவதை விடவில்லை. கடைசி ஆள் சொல்கிறவரை எழில் உள்ளேதான் இருக்கிறான். கேளம்பாக்கத்தில் எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், சீக்கிரம் விட்டுவிட்டார்கள். படூர் அடுக்குமாடியில் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்து இழுத்தடித்தார்கள். வீட்டுக்கு வீடு பிரியாணி வந்ததில் எழிலுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. தேவிப்பிரியா இப்போதெல்லாம் தலையணையும் சார்ஜரும் எடுத்துக்கொண்டுதான் நாடகத்துக்குக் கிளம்புகிறாள். தேசப்பனும் கூடவே போகிறார். நாடகம் முடிந்து எல்லோரும் சொன்ன பிறகு, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார்.

"எனக்கும் மொதல்ல அப்டித்தான் தோணிச்சு அண்ணாத்த" என்று ஆரம்பிக்கிறார்.