கவிழ்த்து வைத்த சோடா பாட்டில்கள்

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, செங்கோடனின் காட்டில் வெட்டிய குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தபோது ரிஃபத்தின் முகம் வாடியிருந்தது. அகழாய்வுக்கு வந்த பெண் அவள்.

“சோடா பாட்டில் கிடக்குதுங்கம்மா. ஐயா தோண்டினதுக்கு அப்பறம் வேற யாரோ அடிவரைக்கும் கிளறியிருக்காங்க. இனித் தோண்டிப் பிரயோசனமில்லைங்க.”

“அப்ப தறி செட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக்கலாமுங்களா?” என்றார் நிலத்துக்காரர் செங்கோடன்.

வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரங்கம்மாள் குழியை எட்டிப் பார்த்தாள். இது அவள் கணவர் வெங்கடபதி எழுபத்தொன்பதாம் வருஷம் தோண்டிய குழி. கொங்குப் பக்கம் பழைய மண்ணைத் தேடித் தோண்ட ஆளே இல்லாத காலம். அடியில் அந்தக் காலத்தில் கல்மணி செய்தவர்களின் வீடு இருக்கிறது என்பார். மழை வந்து நிறுத்தியவர் மறுபடி தொடங்கவே இல்லை. போன ஆவணியில் போய்விட்டார். இப்போது அந்த வீடும் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும் போலிருந்தது.

“பாட்டில் எப்படிக் கிடக்குது கண்ணு? சாஞ்சா, கவுந்தா?”

“கவுந்துங்க. நாலு மூலையிலயும்.”

ரங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அது அவர் வெச்சதுதான் அம்மணி! ரெண்டு நான் குடிச்சது.”

எழுபத்தொன்று யுத்தத்தில் எல்லையோர மணலில் குப்புறப் படுத்துக் கண்ணிவெடி எடுத்தவர் வெங்கடபதி. எடுத்து முடித்த இடத்தின் விளிம்பில் காலி பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார்களாம். இதற்கு அப்பால் யாரும் கைவைக்கவில்லை என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல. ஒருநாள் வைக்க மறந்தார்கள். கூட்டாளிக்குக் கால் போயிற்று. ஊர் திரும்பியபின் தோண்டிய குழிகளிலும் அவர் கடப்பாரையைத் தொடவில்லை. மூங்கில் குச்சியைச் சாய்த்துத்தான் குத்துவார். “உள்ள இருக்கறது நம்மளக் கொன்னா போடப்போகுதுங்க?” என்று ஆட்கள் கேலி செய்வார்கள். “நாம அதைக் கொன்னுபோடக் கூடாதல்லொ” என்பார்.

ரிஃபத் மறுபடி இறங்கினாள். குப்புறப் படுத்து, பாட்டில்களுக்குக் கீழே ஒரு மூங்கில் குச்சியைச் சாய்த்து மெல்ல நெம்பினாள். கெட்டியான பழைய தரை. அதில் அரைகுறையாகத் துளையிட்ட ஒரு சிவப்புக் கல்மணி.

“யாரும் தொடலைங்கம்மா!”

செங்கோடன் தலையைச் சொறிந்தார். “செத்தும் மிலிட்டரிக்காரர் பார்டர் போட்டுட்டாருங்க. செரி, செட்டை அந்தப் பக்கம் தள்ளிக்கறேன்.”

“அப்படியே கடைக்குப் போயி சோடா வாங்கிட்டு வாங்க. தோண்டி முடிச்சுக் குழிய மூடறப்ப பாட்டில் வேணுமில்ல?” என்றாள் ரங்கம்மாள்.

“பிளாஸ்டிக் பாட்டில் ஆகுங்களா?”

“கண்ணாடிதானுங்க. எனக்கு ஆரஞ்சு.”