தள்ளி நின்றவர்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும்; உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட. இளமையில் அணுக்கருவைக் குடைந்து கொண்டிருந்தவர், நடுவயதில் மருத்துவமனைப் பக்கம் திரும்பினார். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எவ்வளவு கொடுக்கலாம், விழுங்கியவர் வீட்டுக் குழந்தைகளை விட்டு எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். பல மருத்துவமனைகள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கணக்கைத்தான் பின்பற்றின.

அந்தக் கணக்கு இப்போது அவருடைய மகள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மகளுக்குத் தைராய்டில் கட்டி. அறுவை முடிந்து, அயோடினையும் விழுங்கி, சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள் கடைசி அறையில் அடைந்து கிடந்தாள். தனித் தட்டு, தனித் துண்டு, சாத்திய கதவு. அவளுடைய இரண்டு வயதுக் குட்டி கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுது தீர்த்தது. மருமகன் குட்டிக்கரணம் போட்டுக் காட்டியும் பலிக்கவில்லை.

அழுததுகூடப் பரவாயில்லை. அன்று காலை உள்ளேயிருந்து கூப்பிட்டபோது குழந்தை திரும்பியே பார்க்கவில்லையாம். அதுதான் மகளைக் கலக்கிவிட்டது. அப்பாவுக்குப் போன் செய்து, கதிர்வீச்சை அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். ஒரே ஒரு தடவை தூக்கிக்கொள்ளலாமா என்று அளந்து சொன்னால் போதும் என்றாள்.

அவர் வந்தார். அறை வாசலில் நின்று கருவியை அவள் பக்கம் நீட்டினார். முள் லேசாகத்தான் அசைந்தது. நினைத்ததைவிட வேகமாகக் கதிரியக்கம் உடம்பிலிருந்து இறங்கியிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஒரு முறை அளந்துவிட்டு, மனக்கணக்குப் போட்டார்.

"கொஞ்ச நேரம் தூக்கிக்கலாம்மா. ஒண்ணும் ஆகாது."

அவள் பாய்ந்து வருவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ, நீங்க வேலை முடிஞ்சு வந்ததும் இதை உங்க மேல வெச்சிருந்தா என்னப்பா காட்டியிருக்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது. அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் வருவதே ஒரு கூத்து. மகள் ஓடிவந்தால் துப்பாக்கியைக் கண்டவர் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, பிள்ளையைப் பிடி என்று மனைவியிடம் கத்துவார். நேரே குளியலறை, அங்கிருந்து தன் அறை, கதவில் தாழ்ப்பாள். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்தப் பழக்கம். வேலையால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை; இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. தினமும் ஆய்வுக்கூட வெளிவாசல் கருவியில் கை கால்களை வைத்து, ஒன்றும் ஒட்டவில்லை என்று பச்சை விளக்கு எரிந்தபின்தான் கிளம்புவார். தினமும் பச்சைதான் எரிந்தது.

அந்தக் காலத்துக் கருவிகளை அவ்வளவாக நம்ப முடியாது என்று ஒரு சாக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மனிதர் வாழ்நாளில் ஒரு அளவைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொன்னதில்லை.

"ஒண்ணும் காட்டியிருக்காதும்மா."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே."

"அப்புறம் ஏம்பா?"

இத்தனை வருஷத்தில் அவரே தன்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. "மொதல்ல பயம்தான்," என்றார். "அப்புறம் அது வசதியாப் போச்சு. யாரும் கிட்ட வராம இருந்தா வேலை ஓடுச்சு."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பவள் போலத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து கைகளை நீட்டினாள். குட்டி யாரோ எவரோ என்று கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தது. அப்புறம் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மகள் சத்தமில்லாமல் அழுதாள். நேரம் பார்க்க வேண்டியவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவள்தான் கழுத்திலிருந்த பிஞ்சுக் கைகளைப் பிரித்து, குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வெச்சுக்கம்மா. நான்தான் சொல்றேன்ல?"

"வேண்டாம்பா. எனக்கு நிஜமாவே காரணம் இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை வீறிட்டுக்கொண்டு துள்ளியது. இடுப்பில் வைப்பதா, தோளில் போடுவதா, தலைக்கு எங்கே கை கொடுப்பது என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நெஞ்சோடு அணைக்கப் பார்த்தார். அது நழுவி நழுவி இறங்கியது. சமையலறையிலிருந்து மருமகன் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.