பின்சீட்டுக்குப் பின்னால்

கார் நின்றுபோனதற்கு யாருடைய தலையையாவது உருட்ட வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டுதான் தியாகராஜன் இழுவை லோரியின் பின்னாலேயே டாக்சி பிடித்து வந்திறங்கினார். கிடைத்தவன் வேலாயுதம்.

"போன வாரம் சர்வீஸுக்கு விட்டப்ப உன் ஆளு பின்னால தண்ணி ஊத்திக் கழுவியிருக்கான், சின்னையா. அன்னையிலேருந்துதான் சிவப்பு விளக்கு எரியுது."

பட்டறை முதலாளி சின்னையா கார்க்காரரைப் பார்த்துக் குழைந்தார், வேலாயுதத்தைப் பார்த்து முறைத்தார். "தொறந்து காட்டு, வேலு. உள்ள தண்ணி இருந்துச்சுன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராத."

தொண்ணூற்றொன்பதில், பாதி பெட்ரோலிலும் பாதி மின்சாரத்திலும் ஓடும் கார் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வேறு யாரிடம் இருந்தது? தான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸே வாய்பிளக்கட்டும் என்றுதான் தியாகராஜன் அதை ஜப்பானிலிருந்து இறக்கியிருந்தார். அதன் பெரிய பேட்டரியைத் தொடத் தெரிந்தவன் பட்டறையில் வேலாயுதம் ஒருவன்தான். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் கழித்துக்கட்டப்பட்டு, ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு இங்கே வந்தவன். போன வாரம் அவன் ஈரத்துணியால் துடைத்தான், அவ்வளவுதான். ஆனால் துணியை நன்றாகப் பிழிந்தோமா?

கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தான். ரப்பர் கையுறைக்குள் காற்றைப் பிடித்து அமுக்கி, ஓட்டை இல்லையென்று பார்த்துக்கொண்டு மாட்டினான். பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த ஆரஞ்சு நிறப் பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வேறு யாரும் திரும்பச் செருகிவிடக் கூடாது. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்குப் பக்கம், எமனோடு விளையாட்டில்லை. மிச்சமிருக்கும் மின்சாரம் அடங்கட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தான். தியாகராஜனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "படம் காட்றான்" என்று சொல்லிவிட்டுச் சிகரெட் பிடிக்க வாசலுக்குப் போனார். சின்னையாவும் பின்னாலேயே ஓடினார்.

கூடவே டாக்சியில் வந்திருந்த தியாகராஜனின் மனைவி மெய்யம்மை மட்டும் காரை ஒட்டி நின்றாள். ஒரே பிள்ளை, ஆறு வயது. அவன் இருதய ஆபரேஷனுக்காகத் தைப்பூசத்தன்று பத்துமலையில் பால்குடம் எடுத்தவள். பிப்ரவரியில் பிள்ளை ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டான். பட்டறையை அடைத்துவிட்டு எல்லோரும் சாவுக்குப் போயிருந்தார்கள். வேலாயுதமும் போயிருந்தான்.

மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மூடியைத் தூக்கினான். தண்ணீர் இல்லை. பேட்டரி வரிசையின் இடுக்குகளில் வெள்ளையாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பித்தளை முனைகள் பச்சை பூத்திருந்தன. புளித்த பால் வாடை மூக்கில் ஏறியது.

மெய்யம்மைக்கும் அந்த வாடை அடித்திருக்க வேண்டும். கிட்டே வந்து குனிந்தாள். முகத்தில் உயிரே இல்லை.

"அண்ணே, தண்ணின்னு சொல்லிருங்கண்ணே," என்றாள் மெல்ல. "ஒங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

என்ன கேட்கிறாள் என்று அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று பின்னால் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். தியாகராஜன் அதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"என்னப்பா, தண்ணிதானே? முட்டாப்பய, காரையே கெடுத்துட்டியே!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. வேலாயுதம் நிமிர்ந்தான்.

"தண்ணி இல்ல பாஸ். பால். நீங்களே மோந்து பாருங்க."

தியாகராஜன் மோந்து பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் எதையும் மறைக்கவில்லை.

"தைப்பூசத்தன்னிக்குக் கோயிலுக்குப் போற வழியில பின்சீட்டுல பால் தூக்குச்சட்டி சாஞ்சு போச்சுங்க. நீங்க கார நிறுத்தப் போனப்ப, கடையில பாக்கெட் பால் வாங்கி ஊத்தி நெரப்பிட்டேன்."

"சாமிக்கு வெச்ச பாலு சிந்தினத மறைச்சுட்டா மலையேறின?" அவர் குரல் உயரவே இல்லை. "அப்ப நீதான்டி அவனக் கொன்னது."

ஓட்டை இருதயத்தோடு பிறந்த பிள்ளை. டாக்டர்களே பாதி நம்பிக்கைதான் சொல்லியிருந்த பிள்ளை. இதை எடுத்துச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாயில்லை, வேலாயுதத்தையும் சேர்த்துத்தான். தியாகராஜன் சாலைக்குப் போய்க் கைகாட்டி டாக்சியை நிறுத்தினார். தான் மட்டும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சின்னையா வேலாயுதத்தின் முதுகில் தட்டினார். "தப்பிச்சோம்லா வேலு. நம்ம மேல பழி இல்ல."

மெய்யம்மை அவனைத் திட்டவில்லை. அழவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்:

"அண்ணே, பிரிக்பீல்ட்ஸ் பஸ்ஸு எங்க நிக்கும்?"

எதிர்ப்புறத்தைக் காட்டினான். வேலை போகவில்லை, அது மட்டும்தான் மிச்சம்.