ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்ததல்ல. மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டது. ஆதம்பாக்கத்தில் வால்டர் சார் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே அவரும் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் டீச்சரும்.

மாலை வெயிலில் அந்த வீடு ஒரு…

(இல்லை. அது எதைப் போலவும் இல்லை. வீடு மாதிரிதான் இருக்கிறது.)

2

ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள். ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகிவிட்டது. போன மழையில் ஹாலில் ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. ஜாக்கி வைத்து வீட்டை நாலடி உயர்த்திவிடுவது என்று வால்டர் சார் முடிவெடுத்தார். அந்த வேலை செய்யும் முருகையன் வந்து பார்த்தார்.

"நீங்க பாட்டுக்கு உள்ள இருங்க சார். காபி தளும்பாது."

சாருக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர்தான் பிடிகொடுக்கவில்லை. தவக்காலம் முடியட்டும் என்றார். பிறகு, அக்னி நட்சத்திரம் போகட்டும் என்றார்.

3

இங்கே டீச்சர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு மழைக்காலம் எப்போது என்று தெரியாதா? பழைய வீட்டுப் பாசம் என்று ஒரு பக்கம் எழுதினேன். பச்சைப் பொய். கிழித்தேன்.

அப்புறம்தான் சமையலறை ஜன்னலைக் கவனித்தேன். எதிரே, குறுகிய சந்துக்கு அந்தப்புறம், குல்சும் அம்மாவின் சமையலறை ஜன்னல். இரண்டிலும் ஒரு கம்பியை அறுத்து எடுத்திருக்கிறார்கள். அந்த வழியாக ஒரு எவர்சில்வர் கிண்ணம் போகும், வரும்.*

* கிண்ணம் யாருடையது என்று இருவருக்குமே நினைவில்லை. சந்தின் சட்டம் ஒன்றுதான்: காலியாகத் திருப்பக்கூடாது. வேறெதுவும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை.

4

"இன்னா டீச்சர், வூட்ட தூக்கப் போறாங்களாமே?"

"ஆமா குல்சும். இன்னொரு வெள்ளத்த அவரு தாங்க மாட்டாரு."

"அப்ப தூக்கிருங்க. நான் ஸ்டூல் போட்டு நின்னுக்கினு வாங்கிக்கிறேன்."

"உன் இடுப்புக்கு ஸ்டூலு ஒண்ணுதான் குறைச்சல்."

இருவரும் சிரித்தார்கள்.

5

முருகையன் மறுபடி வந்தபோது டீச்சர் சரி என்றார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சமையக்கட்டு ஜன்னல மட்டும் அங்கயே விட்டுட்டு, வீட்டத் தூக்க முடியுமா?"

வேளச்சேரியில் பாதி வீடுகளைத் தூக்கி நிறுத்தியவர் முருகையன். தலையைச் சொறிந்தார்.

"இன்னா மேடம், கலாய்க்கிறீங்களா?"

டீச்சர் கலாய்க்கவில்லை.

6

முடிவு ஒன்று: குல்சும் அம்மாவும் வீட்டை உயர்த்துகிறார். (நடக்காது. அவர் கணவர் அன்வர் பாஷாவுக்கு வீட்டை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டும் ஆசை.)

முடிவு இரண்டு: கிண்ணத்தை மாடிக்காரன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். (சந்தடி சாக்கில் நான் கதாநாயகனாகப் பார்க்கிறேன். அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: வீடு மேலே போகிறது. டீச்சர் குனிய, குல்சும் அம்மா நிமிர, நடுவில்…

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

7

நாளைக் காலை ஜாக்கி வந்து இறங்குகிறது. இன்று கேட்டது இது:

"கிண்ணம் எங்க டீச்சர்? உங்க கையிலதான கீது?"

"ஆமா. வீடு ஏறினப்புறம்தான் தருவேன்."

"ஏன்?"

"அப்பத்தான் எப்படியாவது தந்தாகணும்."

எப்படி என்று டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடிவுக்கான இடத்தை அப்படியே உங்கள் கையில் தருகிறேன். சந்தின் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே. காலியாகத் திருப்பாதீர்கள்.